எங்கும் என்றால் எங்கும்தான்

சுனாமி கடலூர்க் கரையை வாரிக்கொண்டு போனதற்கு அடுத்த ஆகஸ்டு அது. போன செவ்வாய்க்கிழமை டீக்கடையில், ஜெசிந்தா டீச்சர் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னதும் எனக்கு அந்த ஆகஸ்டுதான் கண்முன்னே வந்து நின்றது. அவரிடம் படித்த நீங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்வீர்கள். நான் எங்கள் பீங்கான் சூளை ஷெட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது; உங்களில் ஒருவர்தான் எழுதிக்கொள்கிறார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு டீச்சர் வந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளன்று, ஆளுக்கொரு பீங்கான் பில்லையை ஏந்திக் கடைவீதியில் நடக்கப்போவதாகச் சொன்னார். ‘அணுகுண்டு எங்கும் வேண்டாம்’ என்று பிள்ளைகள் யோசித்த வரியைத் தாளில் கொடுத்தார். கோடு பிசகாமல் அப்படியே பிளாஸ்டர் அச்சில் செதுக்கினேன். கூட்டாளி பழனி மண்ணை அழுத்தி எடுத்தான். அவனுக்கும் எழுத்து தெரியாது. காலமெல்லாம் பொம்மைக்கு அச்சு வெட்டியவன் நான். பொம்மைக்கு இடம் வலம் மாறினால் யார் கேட்கப்போகிறார்கள்? சுட்டு இறக்கிய பிறகு ஒரு பெண் பிள்ளை பார்த்துவிட்டுச் சிரித்தது.

“தாத்தா, எழுத்தெல்லாம் திரும்பிகினு நிக்குதுங்க.”

மறுநாளே ஊர்வலம். திருப்பிச் செய்ய நேரமில்லை. ஆளுக்கொரு முகக்கண்ணாடி கொண்டுவாருங்கள், அதில் காட்டிப் படிக்கச் சொல்லலாம் என்றார் டீச்சர்.

அந்நேரம் எஸ்.ஐ. வந்தார். நாட்டுக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டுகிறார் என்று டீச்சர் மேல் யாரோ மனு கொடுத்திருந்தார்கள். பில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; ஒன்றும் பிடிபடவில்லை. என்னய்யா இது என்றார். பழனி முந்திக்கொண்டு, பூ டிசைன் என்றான். நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் டீச்சர் வேலைக்கே ஆபத்து.

டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பில்லைக்கு எதிரே பிடித்தார்.

எஸ்.ஐ. படித்தார். வெளிநாட்டுக் குண்டைத்தான் சொன்னோம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், போய்விடுகிறேன் என்று தணிந்துதான் கேட்டார்.

“எங்கும்னா எங்கும்தான் சார். நம்மளுதும் சேத்துதான்” என்றார் டீச்சர்.

எஸ்.ஐ. அதையே எழுதிக்கொண்டு போனார். பிள்ளைகள் மறுநாள் நடந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. அந்த மாசமே டீச்சரைத் திட்டக்குடிக்கு மாற்றினார்கள். பஸ் ஏற்றிவிடப் போன நான், பூவென்றே விட்டிருந்தால் தப்பித்திருப்பீர்களே என்றேன்.

“நான் தப்பிச்சிருப்பேன் அண்ணே. புள்ளைங்க பூவத் தூக்கிகினு இல்ல நடந்திருப்பாங்க?”

ஒரு பில்லை என் வீட்டில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வரி அது. அதுவும் எழுத்து திரும்பி நின்றால்தான் தெரியும். எஸ்.ஐ. போய்விட்டார். பூ என்ற பழனியும் போய்விட்டான். இப்போது டீச்சர். அன்று ஷெட்டில் நின்ற பெரியவர்களில் மிச்சம், தலையாட்டிய இந்தக் கோவிந்தன்தான்.