கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த கனடாச் சேர்ட்டுகள்

நாகேந்திரம் முப்பத்தொரு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் மற்றவர்களின் பொய்களைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவர். எரியாத கடை எரிந்தது, எப்போதோ விற்ற நகை நேற்றுக் களவு போனது, நின்றிருந்த காரில் தென்னைமரம் வந்து மோதியது என்று எல்லாம் அவருடைய மேசைக்கு வந்து தோலுரிந்துதான் திரும்பும். ஓய்வு பெற்றபின் அவர் தன் பங்குக்கு ஒரேயொரு பொய் சொன்னார். அதைக் கட்டிய விதத்தைப் பார்த்தால், முப்பத்தொரு வருடத்தில் மனிதர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றும்.

பொய் இதுதான்: அவர் போடும் சேர்ட்டுகளெல்லாம் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் யோகலிங்கம் அனுப்புபவை. உண்மை என்னவென்றால், அவை கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில், புதன்கிழமைகளில் மட்டும் திறக்கும் பழைய உடுப்புக் கடையில் வாங்கியவை.

உண்மையைச் சொன்னால் என்ன குறை என்று கேட்பவர் அவருடைய மனைவி அன்னபாக்கியத்தைச் சந்தித்ததில்லை. வெள்ளவத்தையில் அவர்களுடைய பிளட்டில் பழைய உடுப்பு என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகம் சுழிப்பார். "ஆர் போட்டதோ, என்ன வருத்தத்தில செத்தவனோ, அதைப் போட்டுக்கொண்டு என்ர சாமியறைக்குள்ள வாறதோ?" என்பார். ஆனால் வெளிநாட்டுச் சொந்தக்காரர் இரண்டு வருடம் போட்டு, கழுத்துப்பட்டி தேய்ந்து, கொழும்புக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிற சேர்ட் பழையது அல்ல. அது 'வெளியில இருந்து வந்த சாமான்'. முன்பின் தெரியாத ஒருவன் ஒருநாளும் போடாமலே கொடுத்துவிட்ட சேர்ட்கூடத் தீட்டு, மச்சான் வியர்த்த சேர்ட் கௌரவம். இந்தக் கணக்கு வெள்ளவத்தையில் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. நாகேந்திரமே ஒருகாலத்தில் அதை நம்பியவர்தான்.

அவரை மாற்றியது ஒரு மழை. நாலு வருடத்துக்கு முன் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போனவர், மழைக்கு ஒதுங்கப் பக்கத்தில் இருந்த அந்தத் தேவாலய மண்டபத்துக்குள் நுழைந்தார். கடையை நடத்தும் மாக்ரெட் அப்போதுதான் ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு கடல்நீலச் சேர்ட் இருந்தது. இரட்டைத் தையல், ஒரு பொத்தானும் குறையவில்லை, அவருக்கென்றே வெட்டியதுபோல் அளவு. காலி வீதியின் புதுக் கடைகளில் ஒரே சேர்ட் ஏழு அளவில் தொங்கும். உங்களுக்குக் கிடைக்காமல் போக வழியே இல்லை, ஆகவே கிடைப்பதில் ஒரு சுகமும் இல்லை. இங்கே ஒவ்வொன்றும் ஒன்றுதான். கொஞ்சம் பிந்தினால் அது கிராண்ட்பாஸிலிருந்து வரும் பீபியின் கூடைக்குள் போய்விடும். பீபிக்கு ஐந்து பேரப்பிள்ளைகள், இரண்டு மருமகன்மார், பருந்துக் கண். நாகேந்திரம் ஒரு தையலைத் தடவிப் பார்த்து முடிப்பதற்குள் அவள் மூன்று உடுப்பை முடிவு செய்துவிடுவாள்.

அதன்பின் ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. வீட்டில் சொன்னது கோயிலுக்கு என்று. அது பொய்யாகிவிடக் கூடாதே என்பதற்காக முருகனுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்று, திருநீறும் பூசிக்கொண்டுதான் கடைக்கு ஓடுவார். வாங்கியதை மாக்ரெட்டிடமே விட்டுவருவார். வெளிநாட்டு மணம் ஏறட்டும் என்று அவள் அதை வாசனைச் சவர்க்காரக் கட்டி ஒன்றோடு பையில் கட்டி வைப்பாள்.

"இன்னும் ஒரு கிழமை போகட்டும் சேர். கனடா சரியா ஊறல்ல," என்று பையை மோந்து பார்த்துச் சொல்வாள்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. அன்னபாக்கியம் ஞாயிறுதோறும் யோகலிங்கத்தின் மனைவியோடு தொலைபேசியில் கதைப்பவர். ஒரு நன்றி சொன்னாலே எல்லாம் கவிழ்ந்துவிடும். ஆகவே நாகேந்திரம் முதல் பொய்க்கு இரண்டாவது பொய்யால் முண்டு கொடுத்தார். "யோகன் மனிசிக்குத் தெரியாமல் அனுப்புறான். நீர் வாயைத் திறந்தால் அங்க வீடு ரெண்டாகும்." அன்னபாக்கியம் நாலு வருடம் வாயைத் திறக்கவில்லை. மனைவிக்கு ஒளித்துச் சொந்தத்துக்குக் கொடுக்கும் ஆண்பிள்ளை என்று யோகலிங்கத்தின் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது.

போன மாசி மாதம் யோகலிங்கம் தனியாகக் கொழும்புக்கு வருவதாகச் செய்தி வந்தது. தனியாக என்ற சொல்லைக் கேட்டதும் அன்னபாக்கியத்தின் முகம் மலர்ந்தது.

"அக்கா வரேல்லைத்தானே. இந்த முறை அண்ணைக்கு நேரில ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டன்."

அந்தப் பத்து நாளும் நாகேந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாட்சிகள் இரண்டு பேர் முன்கூட்டியே கதைத்துக்கொள்ளாவிட்டால் எந்தக் காப்புறுதிக் கோரிக்கையும் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். யோகலிங்கத்தின் போனைத் திறந்து பார்ப்பதே மனைவிதான் என்பதால் எழுத்தில் ஒன்றும் அனுப்ப முடியாது. கடற்கரைப் பக்கம் போய் இரண்டு தரம் அழைத்தார். இரண்டு தரமும் மச்சான் ஸ்பீக்கரைப் போட்டு, "இஞ்ச எல்லாரும் நிக்கிறம், சொல்லு மச்சான்!" என்றான். அவர் சுகம் விசாரித்துவிட்டு வைத்தார். விமான நிலையத்துக்குத் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அன்றைக்கு வான் வந்து நின்றபோது, அன்னபாக்கியம் பட்டுச்சீலை உடுத்தி முன் சீற்றில் இருந்தார்.

பகல் சாப்பாட்டில் அது வந்தது.

"அண்ணை, பயணக் களையோட இருக்கிறியள், குறை நினைக்காதேங்கோ," என்று அன்னபாக்கியம் சொதிச்சட்டியைக் கீழே வைத்தார். "அக்காவுக்குத் தெரியாமல் இவருக்கு நீங்கள் அனுப்புற உடுப்பெல்லாம்... சொந்தச் சகோதரமும் செய்யாது."

நாகேந்திரத்தின் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது. யோகலிங்கம் அன்னபாக்கியத்தைப் பார்த்தான். பிறகு மச்சானுடைய முகத்தைப் பார்த்தான். அதில் இரத்தம் இல்லை. பிறகு சேர்ட்டைப் பார்த்தான்.

"அது... என்ன தங்கச்சி, பெரிய விசயமே," என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினைந்து வருடமாக ஒன்றும் அனுப்பாத மனிதனுக்கு, அனுப்பியதற்கு நன்றி கேட்பதில் இருக்கும் இனிமை கொஞ்சமில்லை. "இப்ப போட்டிருக்கிறாரே, இந்தச் சேர்ட், இது நான் சினோ கொட்டுற குளிருக்குள்ள லைனில நிண்டு எடுத்தது. கை விறைச்சுப்போச்சு," என்று தொடங்கினான். நாகேந்திரம் வியர்த்தார். பொய்க்காரர் குறையச் சொல்லி மாட்டுவதில்லை, கூடச் சொல்லித்தான் மாட்டுவார்கள். அது அரைக்கைச் சேர்ட் வேறு.

சாப்பிட்டு முடிய மச்சான் அவரை பல்கனிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"டேய், நான் உனக்கு முகம் துடைக்கிற ஒரு லேஞ்சிகூட அனுப்பினதில்லை. ஆரடாப்பா அந்தப் புண்ணியவான்?"

நாகேந்திரம் கதவை ஒரு கண்ணால் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். யோகலிங்கம் சிரித்த சிரிப்பில் பக்கத்து பிளட்டின் காகம் எழும்பிப் பறந்தது.

"இதுக்கோ செத்துக்கொண்டிருந்தனீ? இந்தக் காற்சட்டை எங்க எடுத்தது எண்டு நினைக்கிறாய்? அதே மாதிரிக் கடைதான். என்ர பிள்ளையளும் அங்கதான் வாங்குறது, அங்க இப்ப அதுதான் ஸ்டைல். நான் நிசமா உனக்கு அனுப்பியிருந்தாலும் அங்கயிருந்துதான் வந்திருக்கும். புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போ."

நாகேந்திரம் மறுத்தார். மறுத்தால் மச்சான் சாப்பாட்டு மேசையில் இன்னும் என்ன சொல்வானோ என்று நினைத்து ஒத்துக்கொண்டார்.

புதன்கிழமை யோகலிங்கம் அந்த மண்டபத்துக்குள் திருவிழாவுக்கு வந்த பிள்ளையைப்போல் நின்றான். மாக்ரெட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான், பீபியிடம் சண்டை பிடித்து ஒரு தொப்பியை வென்றான், இரண்டு கையும் கொள்ளாமல் உடுப்பை அள்ளினான். நாகேந்திரம் அன்றைக்கு மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு சேர்ட்டைக் கண்டெடுத்திருந்தார். முழுக்கை, வேட்டித்துணி போன்ற மென்மை. நாலு வருடத்தில் இப்படி ஒன்று கையில் பட்டதில்லை. அதன் தோள் தையலைத் தடவிக்கொண்டிருந்தபோது மச்சான் ஒரு கையில் உடுப்புக் குவியலோடு மாக்ரெட்டையும் சேர்த்துப் போனை உயர்த்திப் படம் எடுப்பது தெரிந்தது. "வேண்டாம்!" என்று அவர் கையைத் தூக்கி ஆட்டும்போதே படம் விழுந்துவிட்டது.

அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம். ஐந்து நாட்டில் நாற்பத்துமூன்று பேர்.

"அழியடா! உடன அழி!"

"ஏன்டா? பதினொரு பேர் சிவப்பு ஹார்ட் போட்டிட்டினம்."

பன்னிரண்டாவது யாருடையது என்று பார்க்க நாகேந்திரத்துக்குத் துணிவில்லை. போன் அடிக்கத் தொடங்கியது. பாக்கியம் என்று திரையில் விழுந்தது. நாலு முறை அடிக்க விட்டு எடுத்தார்.

"எங்க நிக்கிறியள்?"

"கொட்டாஞ்சேனை."

"பாத்தனான். ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

 நாகேந்திரம் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலில் எட்டாம் ஒன்பதாம் வரிகளை ஏனோ வாசித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருந்தால் அலுமாரிக்கு மேல கிடக்கிற என்ர சீலையளையும் கட்டித் தந்திருப்பன்," என்றார் அன்னபாக்கியம். குரல் தழுதழுத்தது. "அண்ணை தன்ர உடுப்பைக் கை நிறைய அள்ளிக் குடுக்கிறார். அந்தப் பொம்பிளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்காகூடக் குழுவில கும்பிடு போட்டிருக்கிறா. நீங்கள் மட்டும் பின்னால நிண்டு வேண்டாம் வேண்டாமெண்டு கையை ஆட்டுறியள். குடுக்கிறவரை ஏன் தடுக்கிறியள்?"

ஒரு மண்டபம், ஒரு குவியல் உடுப்பு, சிரித்துக்கொண்டு நிற்கும் ஒருவன். அவன் கொடுக்கிறானா எடுக்கிறானா என்று படத்தில் தெரியாது. கனடாவிலிருந்து வந்தவன் என்றால் கொடுக்கிறான். நாகேந்திரம் மூச்சு விட்டார். "தடுக்கேல்லை," என்றார். அன்றைக்கு அவர் சொன்ன இரண்டாவது உண்மை அது.

"வாற புதன் நானும் வாறன்," என்றார் அன்னபாக்கியம். "சீலையளை என்ர கையாலேயே அந்தப் பொம்பிளையிட்ட குடுக்கவேணும்."

அவர் போனை வைத்தார். பிறகு மேசைக்குப் போய் மாக்ரெட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பிள்ளை, வாற கிழமை என்ர மனிசி இஞ்ச வாறா. இண்டைக்கு முந்தி உங்களுக்கு என்னைத் தெரியாது. ஒருநாளும் கண்டதில்லை. விளங்குதா?"

"நாலு வருசமா வர்றீங்க சேர். கதவத் திறந்தவுடனே 'வாங்க சேர்'னுதான் என் வாயில வரும்."

"வரக்கூடாது."

"எனக்கு வராம பார்த்துக்கிறன். இவங்களுக்கு?" என்று மாக்ரெட் தாடையால் காட்டினாள்.

பீபி ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளுடைய கண் நாகேந்திரத்தின் முகத்தில் இல்லை, அவருடைய கையில் இருந்தது.

"எனக்கும் ஒங்களத் தெரியா சேர்," என்றாள். "அந்தச் சாம்பல் சேர்ட்டத் தந்தீங்கண்டா."

நாகேந்திரம் சேர்ட்டைப் பார்த்தார். யோகலிங்கத்தைப் பார்த்தார். அவன் கண்ணாடிக்கு முன்னால் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கதவுக்கு வெளியே வெயில். அங்கே அன்னபாக்கியம் சீலைப் பொட்டலத்தோடு வந்து நிற்பதாக ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. சேர்ட்டை நீட்டினார். கடைசி நொடியில் விரல் கொஞ்சம் இறுகியது. பீபி அதை மெதுவாக உருவி எடுத்தாள்.

"மூத்த மருமகனுக்கு அளவா ஈக்கும்," என்று கூடையின் அடியில் வைத்து, மேலே குழந்தைச் சட்டைகளை அடுக்கினாள். பிறகு நிமிர்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சேர் புதுசா? இதுக்கு முந்தி இந்தப் பக்கம் கண்டதில்லையே."