சாக்கில் வரைந்த செருப்பு

என் அம்மாவுக்கு நான் முதன்முதலில் கொடுத்த செருப்பு, வரைந்து கொடுத்தது. அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. கொடுத்த விதம் சரியில்லை. அவள் அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

அப்பா தோணியில் வேலை பார்த்தார். வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. தூத்துக்குடியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் அளம் தொடங்கிவிடும். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். அவருக்கும் அளத்தில்தான் வேலை, ஆனால் நிழலில். உப்பு மூட்டைகளுக்கு மார்க் போடுவார். எழுத்து வெட்டிய தகரத்தைச் சாக்கின்மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் கம்பெனிப் பெயர் விழும். நாள் முழுக்க அதே பெயர்தான்.

மற்ற நேரத்தில் படம் வரைவார். அதுவரை அவர் வரைந்தவை யாருக்கும் தொந்தரவு தராத படங்கள். சோடாக் கடைக்குச் சோடா பாட்டில், சலூனுக்கு ஒரு தலை, தோணி முகப்புக்கு இரண்டு மீன். ஒருநாள் துறைமுகத்தில், வெளிநாட்டுக் கப்பலில் வந்த யாரோ வேண்டாமென்று போட்ட பழைய காலண்டர் ஒன்று அவர் கையில் சிக்கியது. மாதத்துக்கு ஒரு படம். மஞ்சள் முகம், நீல மரம், குடிகாரனைப்போல் சாய்ந்து நிற்கும் வீடுகள். துறைமுக கிளார்க் ஒருவர் அடியில் இருந்ததைப் படித்துப் பார்த்து, இவை எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியங்கள் என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை. மாமா அர்த்தம் கேட்கவில்லை. காலண்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

அதன்பிறகு சோடா பாட்டில்கள் நெளிய ஆரம்பித்தன. கடைக்காரர் கோபித்துக்கொண்டார். மாமா கவலைப்படவில்லை. கருவாட்டின் கண்ணை மட்டும் ஒரு சாக்கு முழுக்க வரைந்தார். துறைமுகக் கிரேனைக் கழுத்து நீண்ட ஆளைப்போல வரைந்தார். கிழிந்த உப்புச் சாக்கில் சுண்ணாம்பும் பசையும் பூசிக் காயவைத்து அதன்மேல்தான் வரைவது. பெயிண்ட், தோணிகளுக்கு அடித்து மிஞ்சியது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். மனிதத் தோலின் நிறத்தில் தோணிக்குப் பெயிண்ட் அடிப்பவர் யாரும் இல்லை. அதனால் மாமா மனிதர்களை வரைய ஆரம்பித்தபோது அவர்களும் பச்சையாகவும் நீலமாகவும் வந்தார்கள்.

அவர் வரைந்த மனிதர்கள் எல்லோரும் அளத்தில் வேலை செய்யும் பெண்கள். மார்க் போடுகிற இடத்தில் இருந்துகொண்டு பார்ப்பார். அட்டைத் துண்டில் பென்சிலால் கிறுக்கிக்கொள்வார். வீட்டு முற்றத்தில் வைத்துச் சாக்கில் பெரிதாகப் போடுவார். அந்த வருடம் மழை தொடங்குவதற்குள் ஏழு பெண்கள் முடிந்திருந்தார்கள். ஏழாவது, என் அம்மா.

அந்தப் படத்தில் அம்மாவின் தலை ஒரு எலுமிச்சம்பழ அளவு. தலையில் உப்பு அள்ளிச் சுமக்கும் பெட்டி. உடம்பு கீழே வர வர விரிந்து, கடைசியில் இரண்டு கால்கள். அவைதான் படம். நீலமும் கறுப்புமாக, வெடிப்பு ஓடி, விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்க, சாக்கின் அடியை நிறைத்துக்கொண்டு நின்றன.

பக்கத்து வீட்டுப் பையன் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். அவன் என் வகுப்பு.

"ஏலே, ஒங்கம்மைக்குக் காலா அது, ரெண்டு தோணியா?"

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பெயர் தோணிக்காலன் ஆகிவிட்டது. நான் யாரோடும் அதிகம் பேசாத பையன். திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் வருவதில்லை.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. உப்பு அடைத்து வைக்கும் கிட்டங்கியும் பாதி காலியாகக் கிடக்கும். மாமா அளத்து முதலாளி அண்ணாச்சியிடம் போய், ஒருநாள் கிட்டங்கியைக் கொடுத்தால் படங்களை மாட்டி எல்லோருக்கும் காட்டுவேன் என்று கேட்டார். அண்ணாச்சி, ஆணி அடிக்கிற இடத்தில் சுவர் பெயராமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். இங்கே எதற்கு, பெரிய ஊரில் கொண்டுபோய்க் காட்டினால் பேர் கிடைக்குமே என்று அம்மா கேட்டாள்.

"மொதல்ல இவுக பாக்கட்டும்க்கா. படத்துல இருக்கவ நின்னு பாத்து, 'இது நாந்தான்'னு சொல்லணும். ஏழு பேரும் சொல்லிட்டா எனக்குப் போதும்."

எனக்கு அது போதாது. நாளைக்கு ஊரே அந்தக் கால்களைப் பார்க்கப்போகிறது என்பதுதான் என் மனதில் இருந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் மாமா படங்களை மாட்டி, கூரை ஒழுகினால் நனையாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெறும் சாக்கைத் தொங்கவிட்டார். ஆணி பற்றாமல் கடைக்குப் போனார். என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்.

நான் ஏழாவது சாக்கைத் தூக்கினேன். மார்க் மையும் பிரஷும் பக்கத்திலேயே இருந்தன. எங்கள் டீச்சர் போட்டிருப்பதுபோல வார் வைத்து, குதிகாலுக்குப் பக்கிள் வைத்து, அம்மாவுக்குச் செருப்புப் போட்டுவிட்டேன். இடது காலில் விரல்கள் ரொம்பவும் கோணலாகத் தெரிந்தன. அவற்றை அப்படியே மூடினேன். அதனால் அந்தக் கால் செருப்பாக இல்லாமல் ஷூவாக முடிந்தது. கையில் பட்ட மையை மணலில் தேய்த்தேன். போகவில்லை. மூட்டை கல்கத்தா போய்ச் சேரும்வரை அழியாத மை அது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மாவும் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையில் வந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் அவன் அம்மாவோடு வந்து முன்னால் நின்றான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சாக்குக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மாமாவிடம் சொல்லிவிடலாமென்று இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவர் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மாமா முதல் சாக்கை எடுத்தார். அண்ணாச்சிதான் முதலில் கேட்டார்.

"மூஞ்சி ஏம்டே பச்சையா இருக்கு?"

மாமா பதில் சொல்வதற்குள் ஒரு பெண் முந்திக்கொண்டாள். "அண்ணாச்சி, மத்தியானம் உப்புல குனிஞ்சிட்டு நிமிந்து பாருங்க. நீங்களும் பச்சையாத்தான் தெரிவீங்க."

கிட்டங்கியே சிரித்தது. அதற்குப்பிறகு யாரும் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தலையில் துண்டு முடிந்திருக்கிற விதத்தை வைத்து முதல் படத்துக்காரி தன்னைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது படம் வந்தபோது, "ஏளா, இது நீதான். வாய் தொறந்திருக்கு பாரு" என்று ஒருத்தி இன்னொருத்தியை முன்னால் தள்ளினாள். "அப்போ மூக்கு எங்கன?" என்றாள் அவள். "மழையில ஒழுகிப் போயிருக்கும்." ஒவ்வொருத்தியும் படத்துக்கு முன்னால் வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இது நாந்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். மாமா விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஆறு விரல் மடங்கியது.

ஏழாவது சாக்கை அவர் எடுத்தார்.

செருப்பை முதலில் பார்த்தது மாமாதான். அம்மா முன்னால் வந்து நின்றாள். தலையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கீழே வந்தாள்.

"இது நான் இல்ல" என்றாள்.

"ஏளா, நீதானளா. பெட்டிய இடதுபக்கம் சாச்சுத் தூக்குறது நீதான்" என்றாள் கூட வேலை செய்யும் ஒருத்தி.

"செருப்புப் போட்டுட்டு எவ உப்புப் பாத்திக்குள்ள எறங்குவா? கங்காணியே வரப்புல கழத்திப் போட்டுட்டுல்லா வாரான். இது வேற எவளோ. நான் இல்ல."

அவ்வளவு பேர் நடுவில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வயதான ஒரு பெண் அவளுக்காகப் பேசினாள். தை மாதம் அளம் தொடங்கும்போது பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துத்தான் இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்போடு மண் வரும். "அவ மிதிச்ச பாத்தியில ஒரு பொட்டு மண்ணு ஏறுமா? கண்ணாடி மாரி கெடக்கும். அந்தக் காலை மூடி வச்சிருக்கியே, நியாயமாடே?" என்று மாமாவைக் கேட்டாள்.

மாமா சுற்றிலும் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த என் கைகளைப் பார்த்தார்.

"தப்பு என் மேலதான்க்கா" என்றார். "காலைச் சரியாப் பாக்கல. இப்பப் பாத்துப் போட்டுருதேன். இங்கன ஏறி நில்லு. மருமவனே, பெயிண்ட எடுத்துட்டு வா."

ஒரு உப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றாள். அண்ணாச்சி நிற்கிறார், தெரு ஆண்கள் நிற்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பையன் நிற்கிறான். நான் நீல டப்பாவைக் கொண்டுபோய் வைத்தபோது அம்மா என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுல சீமெண்ணெய் இருக்கு. போனதும் கையத் தொடைச்சுக்க."

மாமா செருப்பின்மேல் நீலத்தை அப்பினார். மார்க் மை விடாமல் ஊறி மேலே வந்தது. செருப்பின் ஓரங்களை மறைக்க வேண்டுமானால் கால்களை இன்னும் அகலமாக்குவதைத் தவிர வழியில்லை. பெண்கள் சுற்றிலும் குனிந்து நின்று அம்மாவின் காலையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒருத்தி, குதிகால் வெடிப்பு இரண்டாகப் பிரியும், ஒன்றாகப் போட்டிருக்கிறாய் என்றாள். இன்னொருத்தி, சுண்டுவிரல் நகம் இல்லை, நகத்தை எடு என்றாள். மாமா ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டி வரைந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்குமுன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அம்மா அசையவில்லை. ஒருமுறை யாரோ சொன்ன கேலிக்கு மட்டும் சிரித்துவிட்டு மறுபடி நேராக நின்றாள்.

மாமா எழுந்து பின்னால் நகர்ந்தார். கால்கள் சாக்கில் பாதியை அடைத்திருந்தன. நான் மறைக்கப்போனதை நானே இரண்டு மடங்கு ஆக்கியிருந்தேன்.

"இப்பச் சொல்லுக்கா. நீதான?"

அம்மா பெட்டியிலிருந்து இறங்கி வந்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்து ரொம்பநேரம் பார்த்தாள்.

"நாந்தான்" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு" என்றாள்.

நான் வெட்கம் தாங்காமல் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் கால் அவ்வளவு பெரியதில்லை. அது அவளுக்குத் தெரியாதா? எல்லோரும் இப்போது சிரிக்கப்போகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையன்கூடச் சிரிக்கவில்லை என்பது, காதைப் பொத்திக்கொண்டிருந்த எனக்கு அன்று தெரியவில்லை.