வெள்ளிக்கிழமை பார்த்த மண்டபம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சீனிவாசனுக்குப் பெயரே ‘ரிஜெக்ட்’ சீனிவாசன். தைத்து வரும் ஷூக்களைப் புரட்டி, மடக்கி, ஒரு நூல் பிசிறினாலும் தூக்கி எறிவதுதான் அவருடைய உத்தியோகம். பிறந்த அன்றே தொட்டிலைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தவர் என்று ஊரில் பேச்சு. நான் நம்புகிறேன்.

மகள் ஷர்மிளாவுக்கு வேலூரை அடுத்த அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளையை வளர்த்த பெரியம்மா கண்ணம்மாள், “கல்யாணம் எங்க ஊர்லதான்” என்று நின்றாள். ஷர்மிளாவுக்கோ அதே கம்பெனியில் தன்னோடு தையல் லைனில் உட்காரும் பெண்கள் அத்தனை பேரும் வரவேண்டும். கெஞ்சிக் கூத்தாடியதில் கண்ணம்மாள் கொஞ்சம் இறங்கினாள்.

“சரி, ஆம்பூர்லயே வச்சுக்கோங்க. ஆனா மண்டபத்த நான் வந்து பார்ப்பேன். புடிக்கலேன்னா எங்க ஊருதான்.”

சீனிவாசன் தேடக் கிளம்பினார். கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆகவே வெள்ளிதோறும் மண்டபம். ஒன்றில் மேடை ஆடியது: ரிஜெக்ட். இன்னொன்றில் நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ரிஜெக்ட். மூன்றாவதில் வாசல் சிமென்ட் யானை இரண்டில் ஒன்றுக்குத் தும்பிக்கை குட்டை. ஜோடி சேராததை அவர் எப்படிப் பாஸ் செய்வார்?

“ஏங்க, மண்டபத்துல கல்யாணம் பண்ணப்போறமா, ஜெர்மனிக்கு ஏத்தி அனுப்பப்போறமா?” என்றாள் மனைவி அமிர்தவள்ளி.

கடைசியில் பைபாஸ் ஓரம் ஒரு புது மண்டபம். யானைகள் ஜோடி. சீனிவாசன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே “பாஸ்” என்றார்.

கண்ணம்மாள் வந்தது ஒரு திங்கட்கிழமை. ஆட்டோவை விட்டு இறங்குமுன்பே முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. மண்டபத்தின் பின்சுவரை ஒட்டித் தோல் பதனிடும் ஷெட் ஒன்று. இவர்கள் குடும்பத்தோடு பார்க்க வந்த வெள்ளிக்கிழமை அதற்கும் லீவு என்பதால் அன்றைக்கு அது மூச்சுக் காட்டவில்லை.

“இன்னா நாத்தம் இது!”

“நாத்தமா? ஒண்ணும் இல்லியே சம்பந்தி” என்றார் சீனிவாசன், சத்தியமாக. தோலுக்கு நடுவிலேயே வாழ்ந்து அவர் மூக்கு எப்போதோ விருப்ப ஓய்வு வாங்கியிருந்தது.

“இதுல குந்திக்கினு எப்படிச் சாப்புடறது? எங்க ஊர்லயே வச்சுக்கலாம்.”

ஷர்மிளாவின் முகம் வாடியது. அமிர்தவள்ளிக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் சம்பந்தி, உங்க கொட்டாய்ல நின்னா மாடு லட்சுமி. எங்க ஊருக்குத் தோலா வந்து சேர்ந்தா நாத்தமா?”

போன மாதம்தான் கிழட்டு எருதைத் தரகனிடம் தள்ளிவிட்ட கண்ணம்மாள், முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். அவள் புடவை ஓரத்தில் காலைச் சாணம் காய்ந்திருந்தது. அந்த வாசனை அவள் மூக்குக்கு மட்டும் எட்டவில்லை.

சமயம் பார்த்து ஷர்மிளா நுழைந்தாள். “பெரிம்மா, பேசி வச்ச ஞாயித்துக்கிழமைக்குப் பதிலா வெள்ளிக்கிழமை முகூர்த்தம் பாக்கலாமே? அன்னிக்கு ஷெட்டு மூடியிருக்கும். எங்க லைனுக்கும் லீவு.”

வெள்ளிக்கிழமையை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெரியம்மாவுக்கு வாய் வரும்?

“லட்சுமிக்கு உகந்த நாள்தான்” என்று முனகினாள் கண்ணம்மாள்.

அந்த வெள்ளியன்று தையல் லைன் முழுக்க மண்டபத்தில். கண்ணம்மாள் சமையற்கட்டு வரை மோந்துகொண்டே போய், சாம்பார் வாசனையைத் தவிர எதுவும் கிடைக்காமல் ஏமாந்து திரும்பினாள். சீனிவாசன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை கழற்றிவைத்த புது ஷூவைப் புரட்டி, மடக்கி, முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

“தையல் சரியில்ல.”

“ரிஜெக்ட் பண்ணிடாதீங்க” என்றாள் அமிர்தவள்ளி. “தாலி கட்டியாச்சு.”