கோல்பர்னில் கழற்றிய டயர்கள்

நான் வாங்கும்போதே அந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி உயர்த்தப்பட்டிருந்தது. முன்பு வைத்திருந்தவன் ஸ்பிரிங்குகளை மாற்றி, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் ஒரு ஆடு படுத்து அசைபோடும் அளவுக்கு இடம் எடுத்திருந்தான். டயர்கள் மட்டும் மொட்டை. மழைநாளில் சிட்னியின் பென்டில் ஹில் ஸ்டேஷன் பக்கத்துத் திருப்பத்தில் பின்பக்கம் மெல்ல வழுக்கும். என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். வண்டி வழுக்கும்போது அவள் சத்தம் போடமாட்டாள். இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் டயரை மாற்றவேண்டும் என்று நினைப்பேன்.

டயர் மாற்ற இன்னொரு காரணமும் இருந்தது. மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் பக்கம் அவளுடைய அக்கா இருக்கிறார். பிள்ளைப்பேற்றுக்கு அக்கா பக்கத்தில் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எனக்கும் அங்கே ஒரு கிடங்கில் வேலை சொல்லியிருந்தார்கள். லிட்கம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே என்னைக் கட்டிப்போட ஒன்றும் இல்லை. ஏழாம் மாதம் முடிவதற்குள் சாமான்களை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தோம். பிளேனில் வரலாமே என்று அக்கா கேட்டார். அவள் பிளேனில் ஏறியது இந்த நாட்டுக்கு வந்த ஒருமுறைதான். "இனி ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இடம் மாறுவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம் வந்து இருந்தது. கொஞ்ச நாளில் நாங்களும் இடம்பெயர்ந்த சனமாகி வேறொரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். படிப்பு அதோடு சரி. பிறகு முகாம், தமிழ்நாட்டில் இன்னொரு முகாம், படகு, தடுப்பு முகாம், மில்டூராவில் திராட்சை பிடுங்கும் வேலை, கிரிஃபித்தில் தோடம்பழம். எந்த இடத்திலும் தொடர்ந்து இரண்டு கோடை இருந்ததில்லை. நிரந்தர விசா கிடைத்தபின் இந்தியாவுக்குப் போய்க் கலியாணம் கட்டினேன். அவளும் வன்னிதான், படகேறி அங்கே வந்து இருந்தவள். ஒரே காலம், வேறு வேறு ஊர். அந்தக் காலத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேசக்கூடாது என்று பேசி முடிவெடுத்ததும் இல்லை.

இப்படி அலைந்த ஆட்களிடம் சில பழக்கங்கள் ஒட்டிவிடும். பெற்றோல் பாதி டாங்குக்குக் கீழே போக நான் விடமாட்டேன். வண்டியின் பின்பக்கத்தில் எப்போதும் தண்ணீர்க் கான், தறப்பாள், கயிறு, அரிசி இருக்கும். டயரைப் பற்றி யோசித்தபோதும் அதே புத்திதான் வேலை செய்தது. மாரி மழையில் இடம்பெயர்ந்தபோது கண்ணால் பார்த்திருக்கிறேன். காரும் வானும் மோட்டார் சைக்கிளும் சேற்றில் புதைந்து நிற்கும். ஆட்கள் இறங்கி நடப்பார்கள். ட்ராக்டர் மட்டும் பெரிய பல்லுச் சில்லை உருட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போகும். அதில் இடம் கிடைத்தவர்களைப் பார்த்து எரிச்சல்பட்ட சிறுவன் இன்னும் எனக்குள் இருக்கிறான். சிட்னியில் எல்லா இடமும் தார்தான், அது எனக்குத் தெரியும். தார் எப்போதும் இருக்கும் என்று யாரும் எனக்கு உறுதி தரவில்லை, அதுதான் பிரச்சினை.

பக்கத்து யூனிட்டில் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். ஐ.டி. வேலை. சின்னக் கார்தான் வைத்திருந்தார், ஆனால் பெரிய வண்டிகளின் வீடியோ எல்லாம் பார்ப்பார்.

"மட் டயர் போட்ருங்கண்ணா. வண்டி நிக்கிற நிப்பே வேற மாதிரி இருக்கும்."

"சத்தம் போடுமாம் எண்டு சொல்லுறாங்கள்."

"சத்தம் போட்டாத்தான் கெத்து. அதப் போட்டா நடுப் பாலைவனத்துக்கே போலாம்."

"நான் லிட்கம் வரைக்கும் போறனான்."

"லிட்கம்ல ரோடு வேலை நடக்கிற இடம் பாத்தீங்கல்ல? அதுக்குப் பாலைவனம் தேவலண்ணா."

மட் டயர் என்பது சேற்றுக்கென்று செய்த டயர். ட்ராக்டர் சில்லுக்குத் தம்பி முறை. ஆபர்ன் பக்கத்து டயர்க்கடைக்காரர் மூன்று வகையைச் சுவரில் சாய்த்துக் காட்டினார். ஒன்று சாதாரண ரோட்டு டயர், வழவழப்பானது. இரண்டாவது ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது. மூன்றாவது இது. பல்லுகளுக்கு நடுவில் விரலை விட்டால் முதல் கணு வரைக்கும் போனது.

"எங்கே ஓட்டுவாய்?" என்று கேட்டார்.

"எல்லா இடமும்."

அவர் சிரித்தார். "எல்லா இடமும் என்று சொல்லி இதை வாங்கிப் போகிறவர்களை நான் எம் ஃபோர் மோட்டார்வேயில்தான் பார்க்கிறேன்."

அது கிண்டல் என்று விளங்கியது. ஆனாலும் மூன்றாவதைத்தான் போட்டேன். பூட்டி இறக்கியபோது வண்டி வேறு ஆள் போல நின்றது. அன்று எம் ஃபோரில் எனக்கு ஒருவன் வழிவிட்டான். எண்பதைத் தாண்டியதும் கீழேயிருந்து ஒரு இரைச்சல் எழுந்தது. ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

பயணத்துக்கு முன் கோயிலுக்குக் கொண்டுபோய் வண்டிப் பூசை செய்தோம். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். நான் மெல்ல முன்னுக்கு எடுத்தேன். மூன்று நசிந்தது. முன் இடது சில்லுக்குக் கீழே இருந்தது மட்டும் பல்லிடுக்கில் பிதுங்கி, நசியாமல் பக்கவாட்டில் வழுகி ஓடி, பக்கத்தில் புறப்பட்டுக்கொண்டிருந்த வேறொருவரின் காருக்குக் கீழே போய் நசிந்தது.

"போச்சு, எங்கட பூசையை அந்த அங்கிள் கொண்டு போறார்" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. ஐயர் இன்னொன்றை வைத்து அதையும் நசித்துவிட்டார். குறை ஒன்றும் இல்லை என்றார். அந்த மாதங்களில் எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு யோசனை. எனக்கும்தான். நான் அதை டயரில் போட்டேன், அவள் தேசிக்காயில் போட்டாள்.

விடியற்காலை புறப்பட்டோம். ஊருக்குள் ஓடியவரை ஒன்றும் இல்லை. அவள் அந்த டயரோடு அதுவரை கடைக்கும் கிளினிக்குக்கும்தான் வந்திருந்தாள், ஐம்பது அறுபது வேகத்தில். கேம்பல்டவுன் தாண்டி ஹியூம் நெடுஞ்சாலை விரிந்ததும் நான் நூற்றுப்பத்துக்குப் போனேன். இரைச்சல் வந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே சுருதி. கதைத்துக்கொண்டு வந்தவள் மிட்டகொங் வரும்போது கதையை நிறுத்தினாள். ரேடியோவைக் கூட்டினேன், அவள் அதை நிறுத்தினாள். இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, முன்கண்ணாடி வழியாக மேலே பார்த்தாள். அன்று வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுகி, தலை ஜன்னல் மட்டத்துக்குக் கீழே போகும்படி இருந்துகொண்டாள்.

"உமக்கு என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. ஓடுங்கோ."

கோல்பர்னில் ரோட்டோரம் கட்டி வைத்திருக்கும் பெரிய செம்மறியாட்டுச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் இறங்கிப் போய் வெளியில் போட்டிருந்த நீள வாங்கில் குந்தினாள். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன். தேத்தண்ணி வாங்கி வந்தேன். அவள் எழும்பவில்லை.

"வெளிக்கிடுவமே?"

"நான் அதுக்குள்ள ஏறமாட்டன்."

"ஏன், வயித்துக்க நோகுதோ?"

"நோ இல்லை. இறுகுது. விட்டு விட்டு இறுகுது. இறங்கினாப்பிறகு நிண்டிட்டுது."

இறுக்கம் ஒழுங்காக வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று மிட்வைஃப் சொல்லியிருந்தார். ஏழாம் மாதம் அதற்கான மாதம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வேண்டாம், கொஞ்சம் இருந்து பார்ப்போம் என்றாள். இருந்து பார்த்தோம். இறுகவில்லை. அவள் தேத்தண்ணியைக் குடித்தாள்.

"அது வண்டுச் சத்தம்" என்றாள்.

வண்டு என்பது நாங்கள் வைத்த பெயர். ஆளில்லாத வேவு விமானம். கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒரே சுருதியில் மணிக்கணக்காகச் சுற்றும். அது சுற்றினால் அடுப்பை அணைப்போம், கொடியில் காயும் வெள்ளை உடுப்பை எடுப்போம். அது பார்த்துவிட்டுப் போனபிறகுதான் செல் விழும். சத்தம் இருக்கும்வரை நேரம் இருக்கிறது. சத்தம் நின்றால் பங்கருக்குள் ஓடவேண்டும். எம் ஃபோரில் முதல் நாள் ரேடியோவைக் கூட்டியபோது அந்தச் சத்தத்துக்கு நானும் பெயர் வைக்காமல்தான் விட்டிருந்தேன்.

"ரயர்ச் சத்தம்தான் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் விசரியில்லை. எனக்குத் தெரியுது, பிள்ளைக்குத் தெரியேல்லை. நான் பயந்தா அது இறுகுது."

"மெல்ல ஓடுறன். அறுபதில."

"அறுபதில போனா பிள்ளை ரோட்டிலதான் பிறக்கும்." பிறகு கேட்டாள்: "மெல்பேர்ன் வரைக்கும் ரோட்டு இருக்குதானே?"

"ஓம். முழுக்கத் தார்தான்."

"பிறகு ஏன் இந்த ரயர்?"

"ரோட்டு இல்லாமப் போனா?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தக் காலத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் முதன்முதல் கதைத்தது அந்த வாங்கில்தான்.

"ட்ராக்டரை நினைச்சோ போட்டனீங்கள்?"

"ஓம்."

"எங்கட மாமாவிட்ட ட்ராக்டர் இருந்தது. நாங்கள் எல்லாரும் அதிலதான் ஏறினனாங்கள். கடைசியில அதுவும் டீசல் இல்லாம நிண்டது. பிறகு நடந்துதான் வந்தனாங்கள். ரயரா எங்களைக் கொண்டுவந்தது?"

ரயரைக் கழட்டிப்போடுவம் என்றேன். அவளை ஏற்றி நாற்பதில் ஊருக்குள் ஊர்ந்தேன். அந்த வேகத்தில் சத்தம் இல்லை. விசாரித்து ஒரு டயர்க்கடையைப் பிடித்தேன். கவுண்டரில் இருந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது புத்தம் புதிது. ஏன் கழற்ற வேண்டும்?"

என் ஆங்கிலத்துக்கு எட்டியதைச் சொன்னேன். "மனைவிக்குச் சத்தம் பிடிக்கவில்லை."

"என் புருஷன் இதைப் போட்டுவிட்டு வந்தபோது நானும் இதைத்தான் சொன்னேன்" என்றார். "அவன் காதுக்கு மிஷின் மாட்டிக்கொண்டான்."

அப்போதும் எனக்கு மனம் முழுக்க இறங்கவில்லை. பொதுவான இரண்டாவது வகையைக் காட்டி, இது முரட்டுத்தனமாகத்தானே இருக்கிறது, சத்தம் வருமா என்று கேட்டேன். கொஞ்சம் வரும் என்றார். எவ்வளவு கொஞ்சம் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தன் யூட் வண்டியில் அதே வகைதான் போட்டிருப்பதாகச் சொன்னார். உன் மனைவியைக் கொண்டுபோய் நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன், அவளே கேட்டுச் சொல்லட்டும் என்றார்.

"போவீரோ?" என்றேன்.

"போட்டு வாறன்" என்றாள். அந்த அம்மா கதவைத் திறந்து பிடிக்க, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள்.

அவள் பத்துச் சொல் ஆங்கிலத்தோடு முன்பின் தெரியாத மனுசியோடு போய்விட்டாள். நான் கடை வாசலில் நின்றேன். அந்த வண்டி திரும்பும் சந்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறுகத் தொடங்கினால் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வாள் என்று யோசித்தேன். கையைக் காட்டினால் போதும் என்று நானே பதிலும் சொன்னேன். உள்ளே கதிரை இருந்தது, இருக்க மனம் வரவில்லை. பெடியன்கள் என் வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு டயராகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்ன மொழியில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

"என்ன மாதிரி?"

"கனக்க இல்லை. ஆனா தொண்ணூறுக்கு மேல தூரத்தில வருது. வரும் எண்டு காத்துக்கொண்டு இருக்கவேணும். அது இன்னும் பயம்."

ரோட்டு டயரைப் பூட்டச் சொன்னேன். நாலும் வழவழப்பாக, ஒரு விரல்நுனிகூட இடுக்கில் போகாத மாதிரி. மட் டயர்களை அந்த அம்மா பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். உயரமான அந்த உடம்புக்குக் கீழே புது டயர்கள் ஒல்லியாகத் தெரிந்தன. படம் எடுத்து மதுரைத் தம்பிக்கு அனுப்பினேன். "என்னண்ணா, புல்லட் ஓட்டுறவனுக்கு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கு" என்று வந்தது. அவளிடம் காட்டினேன். "ரப்பர் செருப்போடதான் நடந்து வந்தனாங்கள் எண்டு எழுதுங்கோ" என்றாள். நான் எழுதவில்லை.

மத்தியானத்துக்கு மேல் திரும்பவும் ஹியூமில் ஏறினோம். எண்பது, தொண்ணூறு, நூறு. காற்றுச் சத்தம் மட்டும்தான். அவள் நெடுநேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாஸ் தாண்டியபின் இருக்கையை நிமிர்த்தி, கோல்பர்னில் வாங்கிய சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். இளகிக் கிடந்தது. உள்ளிருந்து ஒரு உதை வந்தது. கண்டகாய் வருமுன்பே நித்திரையாகிவிட்டாள், வாயைத் திறந்தபடி.

வண்டிக்குள் சத்தமே இல்லை. ரேடியோவைப் போட்டால் எழும்பிவிடுவாள். ரோட்டு நேராகக் கிடந்தது, இரண்டு பக்கமும் காய்ந்த புல்லு. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பிள்ளையும் அமைதியாக இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் அந்த அமைதியில் என் காது தானாகவே மேலே போய் நின்றது. நின்ற சத்தத்துக்குப் பிறகு வரவேண்டியது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்று இருந்தது. மைல் கணக்கில் முன்கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினேன்.

ஆல்பரியில் ஆற்றுப் பாலம் ஏறும்போது அவள் கண் முழித்தாள்.

"எங்க நிக்கிறம்?"

"விக்டோரியாக்குள்ள போறம்."

"நான் நல்லா நித்திரை கொண்டிட்டன் என்ன?"

"ஓம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் ஏன் ஸ்டீயரிங்கில தாடை முட்டுற மாதிரிக் குனிஞ்சுகொண்டு ஓடுறியள்?"

"கண்ணாடி ஊத்தையா கிடக்கு" என்றேன்.

அவள் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். வயிறு விட்ட அளவுக்கு முன்னுக்கு எட்டி, எனக்கு முன்னால் இருந்த கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துவிட்டாள்.