முப்பது ராத்தல் குண்டு

காஜா பெராங் தெருவில் ருக்மணியின் வாய்க்குப் பயந்து வேறு சந்தில் சுற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவளுக்கும் அது தெரியும். அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால்வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்து வளர்ந்தவள். தோளில் காய்ப்பு ஏறிப்போயிருந்தது. பட்டணத்து மாப்பிள்ளை என்று சொல்லி ராஜரத்தினத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் ஆபீசில் குமாஸ்தா வேலை. மணிக்கட்டு சுள்ளி போல. ரோஷம் மட்டும் வீடு கொள்ளாது. ரோஷத்தை வேகவைத்துத் தின்ன முடிந்திருந்தால், ஜப்பான்காரன் காலத்தில் அந்த வீட்டில் பசியே இருந்திருக்காது.

எல்லாம் அந்த ரோஷத்தால் வந்த வினைதான். ஜப்பான்காரன் வந்த பிறகு, ஆபீஸ் திறக்கும் முன் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நின்று கை கால் ஆட்ட வேண்டும் என்று உத்தரவு. தைசோ என்று அதற்குப் பேர். ரேடியோ கத்தும், இச்சி, நீ, சான் என்று எண்ணிக்கொண்டே இவர்கள் குனிய வேண்டும், நிமிர வேண்டும். ஒரு நாள் உயர்த்திய கையை மேலேயே நிறுத்தி வைக்க முடியாமல் ராஜரத்தினம் தொங்கப் போட்டுவிட்டான். ஜப்பான் அதிகாரி எல்லார் முன்னிலையிலும் பளாரென்று ஓர் அறை விட்டான். அறையைக்கூட அவன் விழுங்கியிருப்பான். பக்கத்தில் நின்ற கலியாணசுந்தரம் சிரித்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

கலியாணசுந்தரத்துக்கும் அதே ஆபீசில்தான் வேலை. அடுத்த வீடுதான், நடுவில் ஒரு தகர வேலி. நெஞ்சை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற ஆள். சிரித்த வாயாலேயே யோசனையும் சொன்னான்.

"வீட்டுலயே குண்டு தூக்கிப் பழகு, ரத்தினம். ஒடம்பு இறுகும். அப்புறம் எவனும் கை வைக்க மாட்டான்."

சொன்னதோடு விட்டானா? தெங்கேராவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் தன் சைக்கிளிலேயே கூட்டிக்கொண்டு போனான். வெள்ளைக்காரர்கள் விட்டு ஓடிய ஏதோ கிளப்பின் சாமான்கள் அங்கே கோணிச் சாக்குக்கு அடியில் கிடந்தன. குட்டையாக ஒரு கம்பி, அதன் இரு முனையிலும் கைக்குள் அடங்காத இரும்பு உருண்டை. துரைமார்கள் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, நம் ஆட்களுக்கு அது குண்டு. பத்து ராத்தலில் ஒரு ஜோடி இருந்தது, முப்பது ராத்தலில் ஒரு ஜோடி இருந்தது. ராஜரத்தினம் சின்னதைத் தூக்கிப் பார்த்தான். அலுங்காமல் வந்தது. துணிக்கு ஊரெல்லாம் அலைந்த காலம் அது. ஒரு ரவிக்கைத் துணி கொடுத்தால் போதும் என்றான் தவுக்கே. சனியன் அங்கேயே தொலைந்திருக்கும். கலியாணசுந்தரம் பெரிய ஜோடியைக் காலால் முன்னே தள்ளினான்.

"சின்னது ஒன் பெண்டாட்டிக்குச் சரியா இருக்கும். ஆம்பளைக்கு இது."

அவ்வளவுதான். ராஜரத்தினம் பெரியதைக் கை காட்டினான். தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. அதற்குத் தவுக்கே முழுச் சேலை கேட்டான்.

ருக்மணியிடம் மிச்சமிருந்த நல்ல சேலை ஒன்றே ஒன்று. அண்ணன் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலை. மற்றதெல்லாம் ஒட்டுப் போட்டு, ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டு, எது சேலை எது ஒட்டு என்று தெரியாமல் போனவை. அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டிலுக்கடியில் இரண்டு இரும்புச் சனியன்கள் கிடந்தன.

"என் சேலை எங்கே?"

"ஒடம்பு தேறணுமா இல்லையா? சேலையாம் சேலை."

"தேறும், தேறும். அரைச் சட்டி மரவள்ளியைத் தின்னுட்டு இரும்பைத் தூக்கினா நல்லாத் தேறும். எனக்குக் கட்டிக்க ஒண்ணுமில்ல. இதை இடுப்புல சுத்திக்கவா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மறுநாள் காலையிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே 'ம்ஹூம், ம்ஹூம்' என்று முனகத் தொடங்கினான். வெளியே வரும்போது துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொள்வான். ஆனால் கட்டிலுக்கடியில் பெருக்கப் போனவள் ருக்மணிதானே? கட்டில் காலிலிருந்து குண்டு வரைக்கும் சிலந்தி வலை பின்னியிருந்தது. மறுநாள் பார்த்தாள், வலை அப்படியே இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. அவள் வலையைக் கலைக்கவில்லை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நல்ல சண்டை ஒன்றுக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தி வைத்தாள்.

மாதம் முடியவில்லை, கலியாணசுந்தரத்தின் மனைவி பொன்னம்மா அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள். ருக்மணிக்குக் கண் இருட்டியது.

"அது யார் சேலை, பொன்னம்மா?"

"என் சேலைதான். எங்க வீட்டுக்காரர் தவுக்கேகிட்ட எண்ணெய் குடுத்து மாத்திட்டு வந்தாரு. ஒன் புருசன் பெரிய குண்டுதான் வேணும்னு அடம் பிடிச்சா நாங்க என்ன பண்றது?"

அதோடு நிறுத்தாமல், கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, 'சின்னது பெண்டாட்டிக்கு' என்ற இடத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ருக்மணியின் சேலைத் தலைப்பால்.

"சிரிடி, நல்லாச் சிரி. என் வீட்டுல குண்டு கெடக்கு. கொண்டாந்து ஒங்க வீட்டு மேல போட்டேன்னு வை, நீயும் இருக்க மாட்டே, ஒன் புருசனும் இருக்க மாட்டான். தெருவே இருக்காது."

தெருக்கோடிக்குக் கேட்கும் குரல் அவளுக்கு. கையில் பட்டை கட்டிக்கொண்டு, ஜப்பான்காரன் போட்ட தெருக்காவலுக்கு அந்த வழியாக வந்த அண்ணாமலை நின்றுவிட்டான்.

அண்ணாமலை அங்கேயே பல தலைமுறையாக இருக்கிற செட்டிக் குடும்பத்து ஆள். கோயில், விபூதி, பேர் எல்லாம் நம்முடையவை. பேச்சு மட்டும் மலாய். முன்பொரு தடவை கோயில் வாசலில் பத்துப் பேர் நடுவில் ருக்மணி அவனைப் பார்த்து, "பேரு அண்ணாமலை, வாயைத் தொறந்தா ஒரு தமிழ் வரல, யாருக்குப் பொறந்ததோ" என்று சொல்லியிருந்தாள். வார்த்தை புரியாவிட்டாலும் சுற்றி நின்றவர்கள் சிரித்தது புரிந்தது. அவன் மறக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழ் கையளவு. அதில் ஒரு சொல்லை, ஜப்பான் விமானம் வந்தபோது 'குண்டு போடுறான், குண்டு போடுறான்' என்று தெருவே அலறிக்கொண்டு ஓடிய அன்று கற்றுக்கொண்டான். குண்டு என்றால் மேலிருந்து விழுந்து வெடிப்பது. வேறு குண்டு அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை, ராஜரத்தினம் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் லாரி நின்றது. ஓர் அதிகாரி, கத்தி செருகிய துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள், பின்னால் அண்ணாமலை.

"பொம் எங்கே?" என்று அண்ணாமலை மலாயில் கேட்டான். "நேற்று நீயே சொன்னாய். குண்டு. என் காதால் கேட்டேன்."

ருக்மணிக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போன எவனும் நடந்து திரும்பியதில்லை. பாழாய்ப்போன வாய், என் வாய் என்று உள்ளுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். புருஷன் மேல் இருந்த கோபம் ஒரு நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் செத்துவிடுவான் என்பது மட்டும் தெரிந்தது. ஓடிப்போய்க் கட்டிலுக்கடியிலிருந்து குண்டுகளை இழுத்து வெளியே தள்ளினாள். இரட்டை உருண்டைகளைக் கண்டதும் சிப்பாய்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"பொம் இல்லை, தைசோ," என்றாள். "தைசோ, துவான்," என்று அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அதிகாரி குண்டைப் பார்த்தான், ராஜரத்தினத்தைப் பார்த்தான். தூக்கிக் காட்டு என்று கையால் சைகை செய்தான்.

ராஜரத்தினம் குனிந்தான். ஒரு கையால் இழுத்தான், பிறகு இரண்டு கையாலும் இழுத்தான். குண்டு முழங்கால் வரை வந்தது. அங்கேயே நழுவி, தரையில் 'தொம்'மென்று விழுந்தது. அறுந்த சிலந்தி வலை அவன் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தைசோ செய்கிறவன் இவனா என்று அதிகாரியின் முகம் இறுகியது. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கத்தியை ராஜரத்தினத்தின் விலாவில் வைத்தான். தூக்கு என்றான் அதிகாரி மறுபடியும். ராஜரத்தினத்தால் முடியவில்லை. பயத்தில் விரல் மடங்கவே இல்லை.

ருக்மணி அவனை இடித்து ஒதுக்கினாள். ஒட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குண்டைப் பற்றினாள். பால்வாளியைத் தூக்குவது போல இடுப்புக்குக் கொண்டு வந்து, தோளில் ஏற்றி, தலைக்கு மேலே உயர்த்தினாள்.

"இச்சி," என்றாள். இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். "நீ." கழுத்து நரம்பு புடைத்தது. "சான்."

அதிகாரி கையைக் காட்டிச் சிப்பாயின் துப்பாக்கியை விலக்கச் சொன்னான். பிறகு திரும்பி, பொய்ச் சேதி கொண்டு வந்ததற்காக அண்ணாமலையை அறைந்தான். என்ன நினைத்தானோ, ராஜரத்தினத்துக்கு அதைவிடப் பலமாக ஒன்று கொடுத்தான். இரும்பை லாரியில் ஏற்று என்று உத்தரவிட்டான்.

ருக்மணியே ஏற்றினாள். கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலைக் கடந்தபோது, வேலியோரம் பொன்னம்மா அரக்குச் சேலையோடு நின்றாள், பக்கத்தில் கலியாணசுந்தரம்.

"பெண்டாட்டிக்குச் சின்னதுன்னு சொன்னீங்களாமே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

லாரி போன பிறகு வீட்டுக்குள் வந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ராஜரத்தினம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்த் தண்ணீராவது மொண்டு கொடுப்பான் என்று அவள் நினைத்தாள்.

"ஒன்னை யாருடி தூக்கச் சொன்னது?" என்றான்.

அந்தக் கேள்வியை அவன் கடைசி வரைக்கும் விடவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அவனும் போனான். ஆபீசில் எத்தனையோ அதிகாரிகள் மாறினார்கள். குழம்பில் உப்பு கூடினாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, சண்டை எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். தூக்க முடியாததை அவன் மறந்திருப்பான். அவள் தூக்கியதை மன்னிக்கவே இல்லை. ருக்மணியும் அன்றைக்குச் சொன்ன பதிலை ஒரு சொல் மாற்றாமல் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

"நான் அதைத் தூக்காம இருந்திருந்தா, நாலு பேரு ஒங்களைத் தூக்கியிருப்பாங்க."