எந்த முகவரியைச் சொல்வது

ஜப்பான் கடலோரக் கோயில்களை வழிகாட்டியுடன் நடந்து காணும் பயணத்தில், என்னைத் தவிரத் தமிழ் பேசியவர் அவர் ஒருவரே. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான தேகம், சவரம் காணாத முகம். டெக்சாசில், ரவுண்ட் ராக்கில் வேலை. அமெரிக்கா திரும்புவதற்கான விசா முத்திரைக்கு இங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, அறையில் அடைந்து கிடக்க இயலாமல் எங்களோடு நடந்தார். ஒவ்வொரு கோயில் வாசலிலும் கைப்பேசியில் விசா நிலையைப் பார்த்த பிறகே உள்ளே வருவார்.

கடலை நோக்கிய ஒரு சிறு சன்னிதியில், பெயரையும் முகவரியையும் மனத்துக்குள் சொல்லிவிட்டு வேண்டிக்கொள்வதே இங்கு முறை என்றார் வழிகாட்டிப் பெண். அதே டெக்சாசில் ஆலன் நகரில், நான் வசிக்கும் என் மகன் வீட்டு முகவரியை நான் தயக்கமின்றிச் சொல்லி முடித்தேன்.

அவர் என் பக்கம் குனிந்தார். "நான் எந்த அட்ரஸ் சொல்றது அங்கிள்?"

"ரவுண்ட் ராக்தான் தம்பி. வீடு அங்கதானே?"

"ஒய்ஃபும் பொண்ணும் அங்க இருக்காங்க. விசா ரிஜெக்ட் ஆச்சுன்னா நான் மன்னார்குடிக்கில்ல போகணும்?"

"சாமிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் அங்கிள் அட்ரஸ் கேக்குது?"

அவர் இருமுறை கைதட்டிக் கண்மூடினார். உதடுகள் நெடுநேரம் அசைந்தன.

மறுநாள் அவர் நடக்க வரவில்லை. காலையிலேயே விடுதியைக் காலி செய்துவிட்டாராம்; விசா கிடைத்ததா, மறுத்துவிட்டார்களா என்பது வழிகாட்டிக்கும் தெரியவில்லை.

ஆலனிலிருந்து ரவுண்ட் ராக் மூன்று மணி நேரக் கார்ப் பயணம்தான். அந்த முகவரியைத் தெய்வத்திடம் சொல்லச் சொன்ன நான், அதை அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.