திங்களும் வெள்ளியும்

சிறுவாச்சூர் காளி கோயில் வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். திங்கள், வெள்ளி. மற்ற நாட்களில் அம்சவள்ளி களை எடுப்பாள், கடலை பிடுங்குவாள், கூப்பிட்ட வேலைக்குப் போவாள். இந்த இரண்டு நாள் மட்டும் கோயில் வாசலில் மாவு இடிப்பாள். மாவிளக்கு வேண்டிக்கொண்டவர்கள் ஊறவைத்த அரிசியோடு வந்து இறங்குவார்கள். மிஷினில் அரைத்த மாவு கூடாது. அங்கேயே உரலில் இடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போட வேண்டும். டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு உலக்கை பிடிக்கத் தெரியுமா? அவர்களுக்காகத்தான் அம்சவள்ளியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் உரலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இடிக்கிற பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். விடியுமுன் தலைக்கு ஊற்றிக்கொண்டு வர வேண்டும். மத்தியானம் உலக்கையைச் சாத்தும் வரை பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தி மீறினாள் என்று தெரிந்தால் மறுவாரம் அவள் உரலுக்கு அரிசி வராது.

அம்சவள்ளிக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆளை அளந்துவிடுவாள். வேட்டிக் கரையைப் பார்த்து இவன் இன்ன கட்சி, இவன் வாயடிப்பான் என்பாள். நெற்றியில் எதுவும் இல்லாதவன் என்றால் பேச்சே கிடையாது. ஒருமுறை கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் மனைவியை அழைத்து வந்து, தான் உள்ளே வராமல் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றார். "சாமி இல்லேங்கிறவனுக்கு இங்க என்ன சோலி" என்றாள் அம்சவள்ளி. "எனக்கு முட்டி வலி, அரிசி களைஞ்சு ஊறப்போட்டதே அவருதாங்க" என்றாள் அந்த மனைவி. அம்சவள்ளி அதைக் காதில் வாங்கினாள், உலக்கையைச் சாத்துவதற்குள் மறந்தும் போனாள். மனிதர்களைப் பற்றி அவளுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும், பிறகு வந்து சேரும் சேதிக்கு இடம் கிடையாது.

அவளுக்கு ஜோடி சின்னப்பிள்ளை. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிப்பது லேசான காரியம் இல்லை. ஒருத்தி உலக்கை ஏறும்போது மற்றவள் உலக்கை இறங்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் கட்டையோடு கட்டை மோதி மணிக்கட்டு வீங்கிவிடும். பதினொரு வருடம் அவர்களுக்கு ஒருநாளும் மோதியதில்லை. சின்னப்பிள்ளை மூன்று வயது மூத்தவள், அதனால் அக்கா. இரண்டு பேரும் விதவைகள். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பெண் பிள்ளை. ஊரும் ஒன்றுதான், தெருதான் வேறு.

தொண்ணூற்றெட்டில் சின்னப்பிள்ளையின் மகள் சிவரஞ்சனிக்கு வலிப்பு வந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்துபோன மணிமொழி என்ற ஜெபக்கூட்டத்துப் பெண், ஒன்பது நாளும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, சின்னப்பிள்ளை தூங்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்து எழுந்தது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தோறும் சின்னப்பிள்ளை பெரம்பலூர் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? மாசாமாசம் கோதுமை மாவு கொடுக்கிறார்களாம் என்றது. அவள் நெற்றியையே எல்லோரும் பார்த்தார்கள். பொட்டு சிறிதாகிவிட்டது என்றாள் ஒருத்தி. பொட்டு அதே பொட்டுதான். திங்களும் வெள்ளியும் அவள் எப்போதும்போல ஈரத்தலையோடு உரலுக்கு வந்தாள். அம்சவள்ளி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே, அக்கா நம்மை விட்டுப் போய்விட்டாள், உடம்புதான் இங்கே வருகிறது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஆடி வெள்ளி. அம்சவள்ளிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆடிக் கூட்டத்தை விட மனமில்லாமல் வந்திருந்தாள். பத்து மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சின்னப்பிள்ளை அவளைப் பூக்கடைக்குப் பின்னால் அழைத்துப்போய் உட்காரவைத்து, டீயும் பன்னும் வாங்கி வந்தாள்.

"வேணாங்க்கா. வெரதம்."

"குடிடி. உசுரு இருந்தாத்தான் வெரதம். ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னைய கோவிச்சுக்கட்டும், நாந்தானே வாங்கியாந்தேன்."

அம்சவள்ளி குடித்தாள். பன்னையும் தின்றாள். சின்னப்பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ரெட்டிபாளையத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு இடித்தார்கள். அந்த வீட்டு அம்மாளின் ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டுமென்று வேண்டுதல். அம்சவள்ளியின் கையில் வலுவில்லை, மாவு சன்னமாக விழாமல் கப்பியாக விழுந்தது, அவ்வளவுதான் நடந்தது. கப்பி மாவில் பிடித்த விளக்கு நிற்காது. சன்னதியில் வைத்துத் திரியேற்றிய சற்று நேரத்தில் விளக்கு பிளந்து, நெய் ஒழுகி, திரி அணைந்தது. அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் வெளியே வந்தார்.

"யாரும்மா எங்களுக்கு இடிச்சது? சுத்தபத்தமா இருந்தீங்களா, இல்லையா?"

அடுத்த உரலில் இருந்த ராசாத்தி முந்திக்கொண்டாள். "அவங்க வேற வேதத்துக்குப் போறவங்க சார். அவங்களுக்கு ஏது நம்ம வெரதம்?"

எல்லா முகங்களும் சின்னப்பிள்ளை பக்கம் திரும்பின. சின்னப்பிள்ளை அம்சவள்ளியைப் பார்த்தாள். "நாந்தான் டீ குடிச்சேன், காய்ச்சலு" என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல வேண்டிய அம்சவள்ளி குனிந்து, உரலைச் சுற்றிச் சிந்தியிருந்த மாவை வழிக்க ஆரம்பித்தாள். வழித்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது சின்னப்பிள்ளையின் உலக்கை சுவரில் சாத்தியிருந்தது, அவளைக் காணோம்.

அந்த ரெட்டிபாளையத்து அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆடியில் தெம்பாக வந்து இன்னொரு விளக்குப் போட்டாள்.

அதன்பிறகு அம்சவள்ளி ராசாத்தியோடு ஜோடி சேர்ந்தாள். தோது வரவில்லை. மாதத்துக்கு இரண்டு முறையாவது கட்டை மோதியது. வலது தோள் ஒரேயடியாகப் போய்விட்டது, தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே தைல வாடை அடித்தது. சின்னப்பிள்ளையைக் குழாயடியில் பார்ப்பாள். "தண்ணி வந்துச்சாக்கா?" "இப்பத்தான் வந்துச்சு." அதற்குமேல் இரண்டு பேரும் போகமாட்டார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஆடியிலும் நினைப்பாள். பிறகு தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வாள். அக்காதான் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டாளே, அவளுக்கு இந்த உரல் என்ன பெரிய விஷயம்? அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள் அவளுக்கு. இந்த நினைப்பு அவளை ஏழு வருடம் தூங்கவைத்தது, நன்றாகத் தூங்கவைத்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து ஆறு, புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்சவள்ளியும் ராசாத்தியும் இடித்த மாவில் மறுபடி ஒரு விளக்கு பிளந்தது. அன்றைக்கு இரண்டு பேருமே பட்டினிதான். அரிசி ஈரம் அதிகம். ராசாத்தி உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"காலையில கொழாயடியில சின்னப்பிள்ள கொடத்த நீ தொட்டியா?"

"எதுக்குக் கேக்குற?"

"பின்ன எப்புடி வெளக்கு ஒடையும்? அவ காத்து பட்டாலே ஆவாதுடி."

ஏழு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவள் மேல் இன்றைக்கும் பழி வந்து உட்கார்ந்தது. அம்சவள்ளிக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் ஓய்ந்துபோனது. பொய்யைத் தான் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தது மட்டும்தான், அதற்கே இவ்வளவு ஆயுசா என்று இருந்தது. மத்தியானம் உலக்கையைச் சாத்தியதும், சின்னப்பிள்ளை வேலை பார்க்கும் வெங்காயக் கொட்டகைக்கு நடந்தாள்.

கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்கார அம்மா அமிர்தவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னப்பிள்ளையா? திங்க வெள்ளி அது வராதே. நான் வேலைக்கு வச்ச நாள்லேர்ந்து இதே கததான். அறுவடை நேரத்துல கெஞ்சுனாலும் வராது."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இருக்கும், அங்கே போயிருப்பாள் என்று நினைத்தாள் அம்சவள்ளி. பெரம்பலூர் பஸ்ஸுக்கு நிற்கலாமா என்றுகூட யோசித்தாள். கால் வலித்ததால் முதலில் அவள் வீட்டை எட்டிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. சின்னப்பிள்ளை சும்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"வா" என்றாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

அம்சவள்ளி வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று ஏழு வருடமாக யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணுங்க்கா."

"ஆமா."

"ஒனக்கு அது பெருசா இருக்காதுன்னு நெனச்சேன். நீதான் அங்க போயிட்டியே."

"எங்க போயிட்டேன்?" சின்னப்பிள்ளை குரலை உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கெழம போறேன். எம்புள்ளைய மடியில வச்சுக்கிட்டு ஒன்பது நாளு ஒக்காந்திருந்தா ஒருத்தி. அவ கூப்புட்டா, போறேன். அங்க ஒக்காந்து அழுதா மனசு லேசாவுது. திங்கக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் நான் எங்க போறேன்னு என்னைக்காச்சும் கேட்டியா?"

சின்னப்பிள்ளையே தொடர்ந்தாள்.

"காலையில எந்திரிச்சுத் தலைக்கு ஊத்திக்குறேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. வேற வேலைக்குக் கை வணங்க மாட்டேங்குது. மத்தியானம் வரைக்கும் இப்புடி ஒக்காந்திருப்பேன். அதுக்கப்புறம் சோறு திம்பேன். இதான் ஏழு வருசமா."

"திங்கக்கெழம எல்லார்கிட்டயும் சொல்லிடுறங்க்கா. நீ வந்து ஒலக்கையப் புடி."

"சொல்றதுன்னா சொல்லு. எனக்காவச் சொல்லாத. அன்னிக்கு அப்புறம் மூணு வெள்ளி பூக்கடைக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டு இருந்தேன், நீ சொல்லிட்டு என்னையக் கூப்புடுவேன்னு. நாலாவது வெள்ளி வரல."

அம்சவள்ளி அழுதாள். சின்னப்பிள்ளை அழவுமில்லை, தேற்றவுமில்லை. களைத்துப்போனவர்கள் இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தார்கள்.

திங்கட்கிழமை எல்லோரும் உரலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்சவள்ளி எழுந்து நின்று சொன்னாள். ஆடி வெள்ளி, காய்ச்சல், டீ, பன், கப்பி மாவு, தான் வாயைத் திறக்காமல் இருந்தது, எதையும் விடவில்லை. தண்டனை எதுவானாலும் சரி என்று தயாராகத்தான் நின்றாள்.

பிறகு ராசாத்தி பக்கத்தில் வந்து, நிஜமான பரிவோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம நீ அவ வூட்ல ஒக்காந்திருந்தத பார்த்தாங்களாம். என்னாடி குடுத்தாங்க ஒனக்கு?"

"என்னாத்தக் குடுத்தாங்க?"

"ஒன்னையும் சேத்துட்டாங்களே அவங்க கூட்டத்துல. பாவம், ஒன் வாயாலயே ஒன்னையப் பொய் சொல்ல வச்சுட்டாங்க."

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி அம்சவள்ளியின் நெற்றியை உற்றுப் பார்த்தாள். அம்சவள்ளி இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள். அவர்கள் முகங்களைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது தனக்கு இருந்த முகம் அது. அன்று அவள் உரலுக்கு ஒருவரும் அரிசி கொண்டுவரவில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் அம்சவள்ளி எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மகள் சுகன்யா, கடலைக் காட்டில் ஆள் கூப்பிடுகிறார்கள் என்றாள். போகலாம் என்று கிளம்பியவள், முடியாமல் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி பாடியது. மத்தியானம் ஆவதற்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. இதை ஒருத்தி ஏழு வருடம் உட்கார்ந்து கடத்தியிருக்கிறாள் என்று அப்போதுதான் அவள் உடம்புக்குத் தெரிந்தது.